ஜெயபாரதியின் மூன்றாவது அளவு

“தாடையை எடுக்காதீங்க. நெத்திய நல்லா ஒட்டி வைங்க. உள்ள ஒரு செகப்பு வெளிச்சம் தெரியுதா? அத மட்டும் பாருங்க. ஒருக்கா சிமிட்டிட்டுத் தொறங்க… ம், அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்றதும் நம்பி எழுந்துவிடக் கூடாது. ஜெயபாரதி மறுபடியும் அளப்பாள். கருவி காட்டிய எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி, தாளைக் கவிழ்த்து வைப்பாள். இரண்டாம் தடவை அளந்து இன்னொரு துண்டில் எழுதி அதையும் கவிழ்ப்பாள். மூன்றாவதையும் எழுதிய பிறகுதான் மூன்றையும் திருப்பிப் பார்ப்பாள். முதல் எண் மனசில் உட்கார்ந்திருந்தால் அடுத்த எண்ணையும் கண் அதற்குத் தோதாகவே படித்துவிடுமாம். தன் கண்ணையே நம்பாதவள் ஊரார் கண்ணை நம்பிவிடுவாளா என்ன?

கண்ணைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கோ பயம் பிடித்துக்கொள்ளும். “ஏம்மா, இத்தனை தடவ பாக்கறீங்களே, கண்ணு கெட்டுப்போச்சா?” என்று கேட்காத ஆள் இல்லை. “கண்ணு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் சரியாப் படல” என்பாள். இந்தப் பதிலைக் கேட்டு நிம்மதியாக எழுந்து போனவர்களும் இல்லை.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் இருக்கிறது அந்தத் தனியார் கண் ஆஸ்பத்திரி. அதில் ஜன்னல் இல்லாத ஓர் அறை ஜெயபாரதியின் ராஜ்ஜியம். பத்தொன்பது வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணில் புரை விழுந்தால் உள்ளே மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்தப் பவரில் வைப்பது என்பதுதான் சூட்சுமம். அது கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் பொறுத்தது. நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவரில் இரண்டரை, மூன்று என்று எகிறிவிடும். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு பச்சரிசியின் தடிமன்கூட வராது. உள்ளே வைத்துத் தைத்துவிட்டு அப்புறம் சட்டை மாற்றுகிற மாதிரி மாற்ற முடியுமா?

இந்தக் கவலை அவள் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்ததா, வீட்டிலிருந்து வேலைக்குப் போனதா என்று தெரியவில்லை. பேருந்தில் ஏறும்போது நடத்துநரிடம் “மானம்புச்சாவடி போகுமா?” என்று கேட்பாள். போகும் என்பார். உட்கார்ந்ததும் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் அதையே கேட்பாள். பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பாள். பார்த்துவிட்டு அடுத்த பாக்கெட்டிலும் பார்ப்பாள், ஏனென்றால் முதல் பாக்கெட்டில் தப்பாக அச்சடித்திருக்கலாமே. பூ வாங்குவதென்றால் ஆண்கள் விற்கிற கடையில்தான். “ஆம்பளை கையால அளந்தாலும் ஒரு மொழம், பொம்பளை கையால அளந்தாலும் ஒரு மொழம். ரெண்டும் ஒண்ணா? அரைச் சாண் வித்தியாசம் வருது” என்பாள். பூக்காரர் முழங்கையை மடக்கி அளக்கும்போது மூட்டு வரை போகிறதா என்று குனிந்து பார்க்கிற ஒரே வாடிக்கையாளர் இவள்தான்.

அவள் கணவன் பிரபு உரக்கடையில் கணக்கெழுதுகிறவர். ரொம்பச் சாது. “மூணு முடிச்சும் விழுந்துச்சான்னு கழுத்துக்குப் பின்னாடி கைய வச்சு எண்ணிப் பாத்தவ சார் இவ” என்று கல்யாண நாளன்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஜெயபாரதி சிரிக்க மாட்டாள். “ரெண்டுதான் போட்டிருந்தீங்க. உங்க அக்கா வந்துதான் மூணாவது போட்டாங்க” என்பாள்.

எண்களை மட்டும் பார்த்து ஆளைச் சொல்லுகிற ஒரு வித்தை அவளிடம் உண்டு. பெயரையும் வயதையும் கையால் மறைத்துக்கொண்டு யாராவது சீட்டை நீட்டினால் போதும். ஒரு நிமிஷம் பார்ப்பாள். “பொம்பளை. அறுபது தாண்டியிருக்கும். குட்டையான உடம்பு” என்பாள். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. ஆண்களின் கண் பெண்களுடையதைவிடச் சராசரியாக அரை மில்லிமீட்டர் நீளம். பெண்களின் கருவிழி கொஞ்சம் கூடுதலாக வளைந்திருக்கும். வயது ஏற ஏற உள்ளே இருக்கும் லென்ஸ் தடித்துக்கொண்டே போகும். அதற்கு முன்னால் இருக்கிற இடம் குறைந்துகொண்டே வரும். “ஊறப்போட்ட மொச்சை மாதிரிங்க. வருஷம் ஆக ஆக உப்பிக்கிட்டே போவும்” என்பது அவளுடைய விளக்கம். மீதி இரண்டு பேர் ஏன் தப்பினார்கள் என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். சராசரிக்குக் கட்டுப்படாத கண்களை அவள் தனக்குச் செய்த துரோகமாகவே எடுத்துக்கொள்வாள்.

அப்படி ஒரு துரோகம் சென்ற தை மாதம் நடந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குக் கண் நீளம் இருபத்தேழு என்று வந்தது. இருபத்துமூன்று, இருபத்துநான்கு என்று இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தேழா? கருவி பழுது என்று முடிவு கட்டிவிட்டாள். ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தவரை எழுப்பிக்கொண்டு வந்து, இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அனுப்பி அளந்துவரச் செய்தாள். அங்கேயும் இருபத்தேழுதான். மனிதர் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வைக்காரர். கண்ணாடியைத் தொலைத்துவிட்டு இருபது வருஷமாக வாங்காமல் இருந்திருக்கிறார், அவ்வளவுதான். அன்று எட்டுப் பேருக்கு ஆபரேஷன் தள்ளிப்போனது. பட்டினி கிடந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

தலைமை மருத்துவர் ஜெக்கரியா சத்தம் போடுகிறவர் இல்லை. அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்: “ஜெயா, சந்தேகப்படுங்க, வேணாங்கல. ஆனா இனிமே ஆபரேஷன் லிஸ்ட்டை நிறுத்துறதா இருந்தா ஆதாரத்தோட வாங்க. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா குணசேகரனை மிஷின்ல போட்டுட்டு உங்களக் கண்ணாடிக் கவுண்டருக்கு மாத்த வேண்டியிருக்கும்.”

கண்ணாடிக் கவுண்டர் என்றால் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று, “இந்த ஃபிரேம் உங்க மூஞ்சிக்கு நல்லா இருக்கும்” என்று வருகிறவர்களிடம் சொல்ல வேண்டிய வேலை. நல்லா இல்லாத மூஞ்சியிடமும் சொல்ல வேண்டும். ஜெயபாரதிக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

குணசேகரன் அவளுக்கு நேர் எதிர். அவள் வயதுதான், ஆனால் ஆள் எப்போதும் அவசரத்தில் இருப்பார். ஒரு தடவை அளப்பார், எண் வந்தால் அச்சடிப்பார், “அடுத்து!” என்பார். ஜெயபாரதி ஒருவரை அளக்கும் நேரத்தில் அவர் மூன்று பேரை முடித்துவிடுவார். கெட்டவர் இல்லை. எல்லாரையும் நம்புவார், அதுதான் அவரிடம் உள்ள குறை என்பது ஜெயபாரதியின் கட்சி.

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு என்று ஜெயபாரதி லீவு போட்டாள். அன்று பார்த்துத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நடந்த முகாமிலிருந்து இருபத்திரண்டு பேரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன். அளந்தது குணசேகரன். வளைகாப்பில் வளையல் போட்டுக்கொண்டிருந்தபோதே அவளுக்குச் செய்தி வந்துவிட்டது. மனசு அங்கே ஒட்டவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து இரண்டு தடவை குணசேகரனுக்குப் போன் போட்டாள். “எல்லாம் முடிஞ்சுதுங்க, நீங்க பாயசத்தைக் குடிங்க” என்று அவர் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் அவள் இருபத்திரண்டு சீட்டுகளையும் மேஜையில் பரப்பிவிட்டாள். டோக்கன் இருபத்துமூன்றில் தொடங்கியது. முதல் நாலு சரி. ஐந்தாவதில் விரல் நின்றது. இருபத்தேழாம் டோக்கன், மருதையன், ஆண், வயது எழுபத்தொன்று. வலது கண். நீளம் இருபத்திரண்டு. கருவிழி வளைவு நாற்பத்தைந்து. லென்ஸ் தடிமன் நாலே கால்.

“எனக்கென்னமோ சரியாப் படல” என்று வாய்விட்டுச் சொன்னாள். அறையில் யாரும் இல்லை.

எழுபத்தொரு வயது ஆணுக்குக் கண் இத்தனை குட்டையா? வளைவு இவ்வளவு கூடுதலா? இருக்கலாம். லென்ஸ் இத்தனை மெல்லிசாகவா இருக்கும், புரை விழுந்த பிறகும்? அதுவும் இருக்கலாம். ஆனால் மூன்றும் சேர்ந்தாற்போல் ஒருத்தருக்கே இருக்குமா? பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு அந்த எண்களை மட்டும் பார்த்தாள். பொம்பளை, அறுபதுக்குள் என்றது மனசு.

அடுத்த சீட்டை எடுத்தாள். இருபத்தெட்டாம் டோக்கன், ராஜாத்தி, பெண், வயது ஐம்பத்தெட்டு. நீளம் இருபத்துநாலரைக்குக் கொஞ்சம் மேலே. துல்லியமாக இருபத்துநான்கு புள்ளி ஆறு. வளைவு நாற்பத்திரண்டரை. லென்ஸ் தடிமன் ஐந்தை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த எண்கள் ஆம்பளை, எழுபதுக்கு மேல் என்று கத்தின. இரண்டு பேருக்கும் ஒரே ஊர், ஒரே தெரு. ராஜாத்தி, கணவர் பெயர் மருதையன்.

இப்போது பயம் வந்துவிட்டது. இவருக்கு இருபத்துமூன்று பவர், அந்த அம்மாவுக்குப் பத்தொன்பது என்று சீட்டில் இருந்தது. மாறிப் போயிருந்தால், இவருக்கு எதிர் வரப்பில் வருகிறது மாடா மனுஷனா என்று சாகிற வரைக்கும் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தூரத்திலும் சரியாகத் தெரியாது, கிட்டத்திலும் தெரியாது. மாறிப் போகாமல், இதுவும் அந்தத் தலைமையாசிரியர் கதை மாதிரி ஆகிவிட்டால்? நாளையிலிருந்து கண்ணாடிக் கவுண்டர். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

குணசேகரனைப் பிடித்தாள். அவர் அப்போதுதான் டீயோடு உள்ளே வந்திருந்தார்.

“இருபத்தேழு, இருபத்தெட்டு. ஆள் மாறிடுச்சா?”

“எப்படிங்க மாறும்? லிஸ்ட்டைப் பாத்துக் கூப்பிட்டேன். ஆள் வந்தாங்க. டோக்கன் நம்பரை மிஷின்ல போட்டேன், அளந்தேன். பேரு, வயசு எல்லாம் கடைசியில லிஸ்ட்டைப் பாத்து எழுதினேன்.”

“வந்தது ஆம்பளையா பொம்பளையா?”

“இருட்டு ரூம்ல இருபத்திரண்டு பேருங்க. நான் கண்ணைத்தானே பாக்கறேன்? மூஞ்சியா பாத்துக்கிட்டு இருப்பேன்?” டீயைக் கீழே வைத்தார். “உங்களுக்கு என்னைக்குத்தாங்க நம்பிக்கை வந்திருக்கு? வரிசையெல்லாம் மாறல.”

ஜெயபாரதி இரண்டு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவர் அறைக்குப் போனாள். ஜெக்கரியா பச்சை அங்கியில் இருந்தார். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“ஜெயா, சராசரிங்கறது சராசரிதான். என் கண்ணே இருபத்திரண்டுதான். என்னைப் பொம்பளைன்னு சொல்லுவீங்களா?”

“ஒருத்தர்னா நான் வந்திருக்க மாட்டேன் சார். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் எதிரெதிரா இருக்காங்களே.”

“இருக்கக் கூடாதுன்னு சட்டமா? இது ஆதாரம் இல்ல.” கடிகாரத்தைப் பார்த்தார். “இருபது நிமிஷம் எடுத்துக்கோங்க. அதுக்குள்ள தெரியணும். தை மாசம் நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?”

இருந்தது. இரண்டு சீட்டுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள்.

கூடத்தில் கட்டில்கள் இரண்டு வரிசையாகக் கிடந்தன. ஒரு பக்கம் ஆண்கள், எதிர்ப்பக்கம் பெண்கள். மருதையன் ஒல்லியாக, நெடுநெடுவென்று, தலைமாட்டில் சொந்தத் தண்ணீர் பாட்டிலோடு படுத்திருந்தார். ஆஸ்பத்திரித் தண்ணீரை அவர் குடிப்பதில்லை. உள்ளே வைக்கப்போகிற லென்ஸ் புதுசா, யாராவது வைத்திருந்து கழற்றினதா என்று வந்த நேரத்திலிருந்து எல்லாரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தவர். சந்தேகத்தில் ஜெயபாரதிக்குச் சரியான ஜோடி.

“ஐயா, இன்னொரு தடவ அளந்துடலாம், வாங்க.”

“எதுக்கும்மா?” படுத்தபடியே கேட்டார். “நேத்துதான் அளந்தாச்சே. நேத்து ஏதாச்சும் கோளாறு பண்ணிட்டீங்களா?”

“நேத்து அளக்க நீங்கதான் வந்தீங்களா?”

“நான் வராம என் ஆவியா வந்துச்சு?”

அவளுக்கு வேறு ஒரு எண்ணம் ஓடியது. காப்பீட்டு அட்டை ஒருவர் பெயரில், ஆள் இன்னொருவர் என்று இந்தப் பத்தொன்பது வருஷத்தில் இரண்டு மூன்று பேர் வந்ததுண்டு. அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டாள். அதே மூக்கு, அதே காது மடல் தழும்பு. ஊர் கேட்டாள். தகப்பனார் பெயர் கேட்டாள். எத்தனை மா நிலம் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் வந்தது. கடைசியில் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“என்னம்மா, போலீஸ் ஸ்டேஷனா இது? தண்ணி முறை விட்டுட்டு வந்து கெடக்கறேன். குடமுருட்டி ஆத்துல தண்ணி வந்து நாலு நாளாச்சு, கடைமடைக்கு ஏறுச்சோ இல்லையோ தெரியல. கண்ணு தெரிஞ்சா நானே போயிப் பாப்பேன்னுதான் இங்க வந்தேன். சும்மா சும்மா அளந்தீங்கன்னா நான் கெளம்பிடுவேன்.” பக்கத்துக் கட்டில்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர் அவள் காதில் விழும்படியே, “இங்க என்னமோ நடந்துபோச்சு போலருக்கு” என்றார்.

இருபதில் ஒன்பது நிமிஷம் போய்விட்டது. போலி ஆள் என்ற எண்ணம் உடைந்துவிட்டது. இவர் அசல் மருதையன். இழுத்துக்கொண்டு போகவும் முடியாது. தப்பு எங்கே நடந்திருக்க முடியும்? குணசேகரன் சொன்னதை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். லிஸ்ட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன், ஆள் வந்தாங்க. அந்த மனுஷன் லிஸ்ட்டைத்தான் பார்த்தான், வந்த ஆளைப் பார்க்கவில்லை.

ஜெயபாரதி விறுவிறுவென்று கூடத்தை ஒட்டியிருந்த அளவறை வாசலுக்குப் போனாள். குணசேகரன் நிற்கிற இடத்தில் நின்றாள். அவரைப் போலவே பட்டியலை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அதன் விளிம்புக்கு மேலே கண்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவர் குரலில் பாதியாவது வரட்டும் என்று கத்தினாள்.

“இருபத்தேழு, மருதையன்!”

மருதையன் அசையவில்லை. கோபத்தோடு திரும்பப் படுத்து, மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தாள். கட்டிலுக்கு அடியில் செருப்பைக் காலாலேயே துழாவி மாட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வேகமாக நடந்து வந்தாள்.

“வந்துட்டேங்க.”

ஜெயபாரதி பட்டியலைக் கீழே இறக்கினாள்.

“உங்க பேரு மருதையனாம்மா?”

“ஐயையோ, இல்லைங்க. அது அவரு பேருங்க. என் பேரு ராஜாத்தி.”

“அப்ப நீங்க ஏன் எந்திரிச்சு வந்தீங்க?”

அந்த அம்மாளுக்குக் கேள்வியே புரியவில்லை. இதையெல்லாம் ஒரு கேள்வியாக யாரும் அவளிடம் கேட்டதில்லை போலும். “கூப்பிட்டீங்களேங்க?” என்றாள். பிறகு, இந்த டவுன்காரிக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கும். “ரேஷன் கடையில இந்தப் பேரத்தாங்க கூப்பிடுவான். சொசைட்டில ஒரம் போடுறப்ப இந்தப் பேருதான். கரண்டு ஆபீஸ்ல, பேங்க்ல, எங்க கூப்பிட்டாலும் நான்தாங்க போயி நிப்பேன். கார்டு அவரு பேருல இருக்கும். வரிசையில நிக்கிறது நான். அவரு வெளிய மரத்தடியில ஒக்காந்திருப்பாரு. நாப்பது வருசமா இதாங்க.”

“நேத்தும் இப்படித்தான் வந்தீங்களா?”

“ஆமாங்க. கூப்பிட்டாங்க, வந்தேன். ஒக்காருன்னாங்க, ஒக்காந்தேன்.”

ஜெயபாரதி ஆண்கள் வரிசையைப் பார்த்தாள். “ஐயா! அப்புறம் ராஜாத்தின்னு கூப்பிட்டப்ப யாரு போனது?”

“நான்தான் போனேன்.” மருதையன் விசிறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவதான் மொதல்லயே போய்ட்டு வந்துட்டாளே. மிச்சம் நான்தான் பாக்கி. அவ எதுக்கு ரெண்டாந்தரம் போவணும்? ரெண்டு பேருக்கும் அளந்தாச்சா இல்லையா, அத சொல்லுங்க.”

கூடம் முழுக்கச் சிரித்தது. ஜெயபாரதிக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. என்ன ஏது என்று அவள் பதமாகச் சொன்னதும் மருதையன் விசிறியை விட்டு அவள் பக்கம் திரும்பினார். “அப்ப அவ கண்ணு அளவ எனக்குள்ள வச்சிருப்பீங்களா?” என்று மெல்லக் கேட்டார். எழுந்து, மறுபேச்சு இல்லாமல் அவள் பின்னால் நடந்தார். போகிற வழியில் மனைவியைப் பார்த்து, “என் பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஒன்ன யாருடி போவச் சொன்னா?” என்றார். “நாப்பது வருசமா நீங்கதான் சொன்னீங்க” என்றாள் ராஜாத்தி.

இவ்வளவு ஆன பிறகும் ஜெயபாரதி நம்பவில்லை. கதை பொருந்துகிறது என்பதற்காக எண் பொருந்தும் என்று என்ன நிச்சயம்? மருதையனை உட்காரவைத்து மூன்று தடவை அளந்தாள். ராஜாத்தியையும் மூன்று தடவை. ஆறு துண்டுத் தாள்களும் மேஜையில் கவிழ்ந்து கிடந்தன. வாசலில் குணசேகரன் வந்து நின்றுகொண்டிருந்தார். ஆறின டீ கையில் இருந்தது.

ஒவ்வொன்றாகத் திருப்பினாள். மருதையன்: இருபத்துநான்கு புள்ளி ஆறு. மறுபடி அதே. மூன்றாவதும் அதே. ராஜாத்தி: இருபத்திரண்டு, இருபத்திரண்டு, இருபத்திரண்டு.

குணசேகரன் தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “தெய்வமே” என்றார். துண்டுத் தாள்களைப் பார்த்தபடி, “மூஞ்சியப் பாத்திருக்கணுங்க” என்றார். ஜெயபாரதிக்கு அவரைக் கடிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. அதற்கான பேச்சையெல்லாம் நேற்றுப் பாதிச் சாப்பாட்டிலேயே தயார் செய்து வைத்திருந்தாள். ஆனால் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள். “மத்த இருபது பேரையும் கூப்பிடுங்க. நாம பேரச் சொல்ல வேணாம். அவங்கவங்க வாயால சொல்லட்டும்” என்றாள்.

மருத்துவர் கொடுத்த இருபது நிமிஷம் எழுபது நிமிஷம் ஆனது. ஜெக்கரியா கீழே வந்து, அளவறை வாசலில் நின்று, ஒவ்வொருவராக வந்து தன் பெயரைத் தானே சொல்வதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலருக்குச் சொந்தப் பெயரைச் சபையில் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு அம்மாள் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, கணவர் பெயரைச் சொல்லிவிட்டு, மூன்றாவதாகத்தான் தன் பெயருக்கு வந்தாள். நல்லவேளை, வேறு யாருக்கும் அளவு மாறியிருக்கவில்லை.

எல்லாம் முடிந்து, திருத்திய சீட்டுகளை அவள் மருத்துவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். மேலே மருதையனுடையது, பழைய பவரை அடித்துவிட்டுப் பத்தொன்பது என்று பெரிதாக எழுதியிருந்தாள். ஜெக்கரியா நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னைக்கு நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும் ஜெயா?” என்றார். “நான் ஒண்ணு சொல்றேன். இனிமே உங்க சீட்டை நான் பாக்க வேண்டியதே இல்ல. நீங்க பாத்துட்டீங்கன்னா போதும். எனக்கு அந்த நம்பிக்கை வந்துடுச்சு.”

இந்த வார்த்தைக்காக அவள் பத்தொன்பது வருஷம் காத்திருந்தாள். சந்தோஷத்தில் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

அவர் பேனாவைத் திறந்து, எதையும் படிக்காமல், கையெழுத்துப் போடுகிற கோட்டை மட்டும் தேடிக் குனிந்தார்.

ஜெயபாரதி பேனா முனைக்கு அடியிலிருந்து சீட்டை உருவினாள். அவர் பக்கமாகத் திருப்பி வைத்து, பெயருக்கு நேரே ஆள்காட்டி விரலை ஊன்றினாள். அவர் வாய்விட்டுப் படிக்கிற வரைக்கும் அதை எடுக்கவில்லை.